காட்சிகளை வெட்டி ஒட்டுவது: கேள்வி பதில்

கேள்வி: அடுத்தவர் வீடியோவிலிருந்து 30 நொடிக்குள் எடுத்தால் காப்புரிமைப் பிரச்சினை வராதாமே?

பதில்: யார் கிளப்பிவிட்டதோ! அனுமதியில்லாமல் எடுத்தது நியாயமா என்று முடிவுசெய்ய, அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 107ஆம் பிரிவு நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: எதற்காக எடுத்தீர்கள், மூலப்படைப்பு எப்படிப்பட்டது, அதில் எவ்வளவு எடுத்தீர்கள், அதன் சந்தைக்கு என்ன பாதிப்பு. நொடிக் கணக்கு அதில் கிடையாது.

கேள்வி: போகப்போகப் பாட்டும் காட்சியும் விலகுகின்றன.

பதில்: போனில் எடுத்த வீடியோ கலந்திருக்கும். பல போன்களில் ஃப்ரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை படங்கள் என்ற கணக்கு, ஒரே சீராக இருக்காது. எடிட்டிங் தொடங்குமுன் நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றியதும் மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: அடுத்தவர் எடுத்த படத்தை வெட்டி ஒட்டுவதில் என்ன கலை?

பதில்: இதற்காகத்தான் காத்திருந்தேன். சோவியத் எடிட்டர் எஸ்ஃபிர் ஷூப், 1927இல் ரஷ்யாவை ஆண்ட ரோமனோவ் வம்சத்தின் வீழ்ச்சியைப் பழைய செய்திப்படங்களையும் ஜார் மன்னர் குடும்பத்தின் சொந்தப் படச்சுருள்களையும் கொண்டே முழுநீளப் படமாக்கினார். ஜாரின் பெருமைக்காகப் பிடித்த காட்சிகள், உழைப்பாளிகளின் காட்சிகளுக்குப் பக்கத்தில் வைத்ததும் அவருக்கே எதிர்சாட்சியாகிவிட்டன. இடையில் வரும் எழுத்து அட்டைகளும் கைகொடுத்தன. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் சார்லஸ் ரிட்லி, நாஜி வீரர்களின் அணிவகுப்பை முன்னும் பின்னும் ஓட்டி, நடனப் பாட்டுக்கு ஆடவைத்தார். எங்கே வெட்டுவது என்பதில்தான் வேலையே இருக்கிறது.

கேள்வி: அப்படியானால் ஷூப் செய்ததும் பிரசாரம்தானே? இன்றைய போலி வீடியோவுக்கு அண்ணன் முறை!

பதில்: பிரசாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் ரிட்லியை இதில் இழுக்காதீர்கள். வீரர்கள் நிஜமாகவே ஆடினார்கள் என்று பார்த்தவர் யாரும் நம்பியிருக்க மாட்டார். ஏமாற்ற நினைப்பவர் வெட்டை மறைப்பார். கேலி செய்பவர் வெட்டைக் காட்டியே சிரிக்கவைப்பார்.

கேள்வி: ஷூப் வெட்டைக் காட்டினாரா?

பதில்: மடக்கிவிட்டீர்கள். காட்டவில்லை. அவர் விஷயத்தில் பாதி உங்கள் பக்கம் வருகிறேன்.

கேள்வி: 20 நொடி என்றால் பரவாயில்லையா?

பதில்: முதல் பதில்.

கேள்வி: கேலி வீடியோதான். ஏற்றியதுமே யூடியூப் தடுத்துவிட்டது.

பதில்: அது கன்டென்ட் ஐடி, யூடியூப்பின் தானியங்கிச் சோதனை. உங்கள் வீடியோவின் ஒலியோ படமோ உரிமையாளர் கொடுத்த கோப்போடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்க்கும். கேலி அதற்குப் புரியாது. மறுப்புத் தெரிவிக்கலாம். மூலக் கோப்பு இருக்கிறதல்லவா?

கேள்வி: இடம்வலமாகத் திருப்பிப் போட்டு, 10 நொடி மட்டும்...

பதில்: அப்பா சாமி! முதல் பதில்.