டேனரி வேலையிலிருந்து நிருபராக முடியுமா?

கேள்வி: வயது 44. ராணிப்பேட்டை டேனரியில் (தோல் பதனிடும் ஆலை) 20 வருட வேலை. நிருபராக ஆசை. பட்டப்படிப்பு இல்லை. எங்கே தொடங்குவது?
– ஒரு வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: வேலையை உடனே விடாதீர்கள். பகுதி நேர நிருபர்களுக்குப் பெரும்பாலும் வெளியான செய்திக்கு இவ்வளவு என்றுதான் பணம். குடும்பம் ஓட அது போதாது. பணம் வாங்கிக்கொண்டு பிரஸ் அடையாள அட்டை தருவதாகச் சொல்பவர்களை நம்பவே வேண்டாம்.

உங்கள் மூலதனம் தொழிலறிவுதான். கெடாமலிருக்க உப்பிட்ட தோலை ஊறவைத்த தண்ணீரில்தான் உப்பு அதிகம், பதனிடும் ரசாயனமான குரோம் வருவது அதற்குப் பிந்தைய கட்டத்தில் என்பது உங்களுக்குத் தெரியும். பாலாற்று மாசு பற்றி எழுதும் பலருக்கு இந்த வித்தியாசம் பிடிபடுவதில்லை.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, 2005 தகவல் உரிமைச் சட்டப்படி மனு எழுதுங்கள். ‘ஏன் நடவடிக்கை இல்லை?’ என்று கேட்டால் நழுவிவிடுவார்கள். ‘இன்ன தேதி முதல் இன்ன தேதி வரையிலான கழிவுநீர் ஆய்வறிக்கைகளின் நகல் வேண்டும்’ என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கும் போய் வாருங்கள். செய்தி எழுதும்போது யார், எங்கே, எப்போது, என்ன என்பது முதல் இரண்டு வரியிலேயே வரட்டும். புதியவர்கள் சறுக்குவது குற்றம் சாட்டப்பட்டவரின் பதிலைக் கேட்காமல் அனுப்பும்போதுதான். அவதூறு வழக்கில் அது உங்கள் கழுத்துக்கே வரும்.

சம்பளம் வாங்கும் கம்பெனியைப் பற்றி எழுதவே எழுதாதீர்கள். அங்கே வேலை பார்ப்பதை ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.