வேதியியல் கேள்வி – பதில்: கிராமில் நிறுப்பதும் மோலில் எண்ணுவதும்

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அறிவியலில் நல்ல மதிப்பெண் பெற்றவள். பதினொன்றாம் வகுப்பில் வேதியியலின் முதல் பாடத்திலேயே திணறுகிறாள். பழைய பாடங்களைத் திருப்பிப் பார்க்கும்படி ஆசிரியர் சொல்கிறார். எங்கிருந்து தொடங்க வேண்டும்?
(ஒரு தாய், திண்டுக்கல்)

பதில்: தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பு வேதியியல் மோல் (துகள்களை எண்ணும் அலகு), சமான நிறை, ஆக்சிஜனேற்ற எண் என்று கணக்குகளோடுதான் தொடங்குகிறது. ஆகவே மாணவர்கள் மோல் கணக்குகளையே மீண்டும் மீண்டும் போட்டுப் பார்க்கிறார்கள். அதற்கும் இரண்டு படி கீழே இறங்கி, ஒரு சேர்மத்தின் வாய்ப்பாட்டைப் புத்தகம் பார்க்காமல் எழுத வருகிறதா என்பதிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. அலுமினியம் சல்பேட்டின் வாய்ப்பாட்டை எழுதச் சொல்லிப் பாருங்கள். அலுமினியம் அயனியின் (மின்சுமை பெற்ற அணுவின்) நேர் மின்சுமை மூன்று, சல்பேட்டின் எதிர் மின்சுமை இரண்டு. நேரும் எதிரும் ஈடாக வேண்டுமானால் இரண்டு அலுமினியத்துக்கு மூன்று சல்பேட் வேண்டும் என்று அவள் காரணத்தோடு சொன்னால், அந்தப் படி உறுதியாக இருக்கிறது.

அடுத்த படி சமன்பாட்டைச் சமன்செய்வது. இங்கே ஒரு பிழை விடாமல் வருகிறது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீர் உண்டாகும் வினையில் இடப்பக்கம் ஆக்சிஜன் அணு இரண்டு, வலப்பக்கம் ஒன்று என்று கண்டதும், நீரின் வாய்ப்பாட்டிலேயே ஒரு 2 சேர்த்து எச்₂ஓ₂ என்று எழுதிவிடுகிறார்கள். எண்ணிக்கை சரியாகிவிட்டது, ஆனால் பொருள் நீரல்ல, ஹைட்ரஜன் பெராக்சைடு. வாய்ப்பாட்டுக்குள் இருக்கும் கீழெண், பொருள் எது என்பதைச் சொல்கிறது. முன்னால் போடும் கெழு, அது எத்தனை என்பதைச் சொல்கிறது. சமன்செய்யும்போது கெழுவை மட்டுமே மாற்றலாம். இந்த இரண்டு படிகளும் கைவந்த பிறகு மோலுக்குப் போகலாம்.

கேள்வி: மோலுக்குரிய வாய்பாடுகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் இரண்டு வினைபடுபொருள்களின் நிறையைக் கொடுத்து, எது முதலில் தீரும் என்று கேட்டால் விடை தவறுகிறது. குறைந்த நிறையுள்ளதுதானே முதலில் தீர வேண்டும்?
(பதினொன்றாம் வகுப்பு மாணவர், தஞ்சாவூர்)

பதில்: உங்கள் கேள்வியின் கடைசி வாக்கியத்தில்தான் சிக்கல் இருக்கிறது. சமன்பாடு நிறையைப் பற்றி நேரடியாக எதுவும் சொல்வதில்லை. அது துகள்களின் எண்ணிக்கையை மட்டுமே சொல்கிறது. நாமோ தராசில் நிறையைத்தான் அளக்கிறோம். வங்கியில் ஒரே வகை நாணயங்களை மூட்டையாக நிறுத்து, ஒரு நாணயத்தின் எடையால் வகுத்து, எத்தனை என்று கண்டுபிடிப்பதைப் போன்ற வேலையை இங்கே மோல் செய்கிறது. ஒரு மோல் என்பது 6.022 × 10²³ துகள்கள். 2019ஆம் ஆண்டு முதல் அனைத்துலக அலகு முறையில் இந்த எண் 6.02214076 × 10²³ என்று துல்லியமாக நிலைநிறுத்தப்பட்டிருக்கிறது.

மெக்னீசியம் நாடாவை எடுத்துக்கொள்வோம். 12 கிராம் மெக்னீசியமும் 12 கிராம் ஆக்சிஜனும் இருக்கின்றன. நிறை சமம்தான், ஆயினும் இரண்டும் ஒருசேரத் தீர்வதில்லை. சமன்பாட்டின்படி இரண்டு மெக்னீசியம் அணுக்களுக்கு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வேண்டும். மெக்னீசியத்தின் அணு நிறை 24. ஆகவே நம்மிடம் உள்ளது 0.5 மோல். ஆக்சிஜன் மூலக்கூறின் நிறை 32. ஆகவே அது 0.375 மோல். அரை மோல் மெக்னீசியத்துக்குத் தேவைப்படுவது 0.25 மோல் ஆக்சிஜன், அதாவது 8 கிராம் மட்டுமே. மெக்னீசியம் முழுவதும் தீர்ந்து, 20 கிராம் மெக்னீசியம் ஆக்சைடு கிடைத்து, 4 கிராம் ஆக்சிஜன் மிஞ்சும். 20, 4 ஆகியவற்றின் கூட்டுத்தொகை தொடக்கத்தில் இருந்த 24 கிராமுக்குச் சமமாக இருப்பதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எந்தக் கணக்கிலும் இந்தக் கடைசிச் சரிபார்ப்பை விட்டுவிடக் கூடாது. நிறை மாறா விதியை அறிவதற்கு இதைவிட நேரான வழி இல்லை.

ஆகவே, கிராமில் எதைக் கொடுத்தாலும் முதலில் மோலாக மாற்றுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் அதனதன் கெழுவால் வகுத்து ஒப்பிடுங்கள். இங்கே மெக்னீசியத்துக்கு 0.25, ஆக்சிஜனுக்கு 0.375. சிறிய எண் எதற்கு வருகிறதோ அதுவே முதலில் தீரும் பொருள், அதாவது வினைக்கட்டுப்பாட்டுக் காரணி.

ஆய்வகத்தில் ஆசிரியரின் மேற்பார்வையில் இதைச் செய்து பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் தவறவிடாதீர்கள். நாடாவின் மேல் படிந்திருக்கும் மங்கலான ஆக்சைடு படலத்தை உப்புத்தாளால் தேய்த்து நீக்கி, மூடியுள்ள பீங்கான் புடக்குகையில் (சூடு தாங்கும் சிறு கிண்ணத்தில்) வைத்துச் சூடேற்றி, காற்றுப் புகுவதற்காக மூடியை அவ்வப்போது சற்றே தூக்க வேண்டும். திறந்த சுடரில் நாடா எரியும்போது அதன் ஒளியை நேராகப் பார்க்கவே கூடாது. எடை கூடியிருப்பதைத் தராசு காட்டும். ஆனால் கணக்கு சொல்லும் அளவைவிடப் பெரும்பாலும் சற்றுக் குறைவாகவே காட்டும். புகையாக வெளியேறும் ஆக்சைடு ஒரு காரணம். இன்னொரு காரணம், மெக்னீசியத்தின் ஒரு பகுதி காற்றிலுள்ள நைட்ரஜனோடு சேர்ந்து மெக்னீசியம் நைட்ரைடாக மாறுவது. ஆறிய சாம்பலில் சில துளி நீர் விட்டுச் சூடேற்றினால், அந்த நைட்ரைடு சிதைந்து அம்மோனியாவின் நெடி எழும். இந்த முரண்பாட்டை ஆராயும் மாணவருக்கு, கணக்கை மட்டும் போட்டு முடிப்பவரைவிட வேதியியல் கூடுதலாகவே புரியும்.

கேள்வி: பிணைப்பை உடைத்தால் ஆற்றல் வெளிப்படும் என்று உயிரியல் பாடத்தில், செல்களுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபியைப் பற்றிப் படித்தபோது புரிந்துகொண்டேன். வேதியியல் ஆசிரியர், உடைக்க ஆற்றல் கொடுக்க வேண்டும் என்கிறார். எது சரி?
(பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்)

பதில்: வேதியியல் ஆசிரியர் சொல்வதே சரி, விதிவிலக்கும் இல்லை. ஹைட்ரஜனும் குளோரினும் சேர்ந்து ஹைட்ரஜன் குளோரைடு உண்டாவதைப் பாருங்கள். ஒரு மோல் ஹைட்ரஜன் மூலக்கூறுகளின் பிணைப்புகளை உடைக்க ஏறக்குறைய 436 கிலோஜூலும், ஒரு மோல் குளோரினுக்கு ஏறக்குறைய 242 கிலோஜூலும் செலவாகின்றன; மொத்தம் 678. புதிதாக உருவாகும் இரண்டு மோல் ஹைட்ரஜன் குளோரைடு, மோலுக்கு 431 கிலோஜூல் வீதம் 862 கிலோஜூலை வெளிவிடுகிறது. கொடுத்ததைவிடப் பெற்றது 184 கிலோஜூல் அதிகம். இதுவே வெப்பமாக வெளிப்படுகிறது. ஏடிபியிலும் இதேதான் நடக்கிறது. பாஸ்பேட் பிணைப்பை உடைக்க ஆற்றல் செலவாகிறது. ஆனால் நீரோடு வினைபுரிந்து உண்டாகும் விளைபொருள்களின் புதிய பிணைப்புகளும், அவற்றை நீர் சூழ்ந்து நிலைப்படுத்துவதும் அதைவிட மிகுதியான ஆற்றலைத் தருகின்றன. இடையிலுள்ள படிகளைச் சொல்லாமல் முடிவை மட்டும் சொல்வதால் இந்தக் குழப்பம் நேர்கிறது.

கேள்வி: தனிம வரிசை அட்டவணை முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?
(பதினொன்றாம் வகுப்பு மாணவர், ஈரோடு)

பதில்: முதல் இருபது தனிமங்களை அணு எண்ணோடு அறிந்திருந்தால் இப்போதைக்குப் போதும். மற்றவற்றுக்கு, அட்டவணை எந்த அடிப்படையில் அமைந்தது என்பதே முக்கியம். 1869இல் ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் அணு நிறையின் வரிசையில் தனிமங்களை அடுக்கினார். ஆனால் டெல்லூரியத்தின் நிறை 127.6, அயோடினின் நிறை 126.9 என்றிருக்க, பண்புகளின் அடிப்படையில் டெல்லூரியத்தையே முன்னால் வைக்க வேண்டியிருந்தது. 1913இல் ஆங்கிலேய இயற்பியலாளர் மோஸ்லே தனிமங்களின் எக்ஸ் கதிர்களை ஆராய்ந்து, உண்மையான வரிசை அணுக்கருவின் மின்சுமையைப் பொறுத்தது என்று காட்டியபோது அந்த முரண் தீர்ந்தது.

அந்த மின்சுமையைப் பிடித்துக்கொண்டால், அணுவின் உருவளவு போன்ற பண்புகள் அட்டவணையில் மாறும் போக்குகளைத் தனித்தனியே மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஆக்சைடு, ஃபுளூரைடு, சோடியம், மெக்னீசியம் ஆகிய நான்கு அயனிகளிலும் எலக்ட்ரான்கள் பத்துதான். புரோட்டான்கள் முறையே 8, 9, 11, 12. அதே பத்து எலக்ட்ரான்களை மேலும் மேலும் வலுவான கரு இழுப்பதால் உருவளவு அந்த வரிசையிலேயே சுருங்குகிறது. தேர்வில் எந்த அணுவை எந்த அணுவோடு ஒப்பிடச் சொன்னாலும், கருவின் மின்சுமை எவ்வளவு, எலக்ட்ரான்களின் வெளிக்கூடு எத்தனையாவது என்ற இரண்டையும் முதலில் எழுதிவிட்டுப் பிறகு விடை எழுதுங்கள்.

கேள்வி: ஒரு மோல் வாயுவின் பருமன் 22.4 லிட்டர் என்று ஒரு புத்தகத்திலும் 22.7 லிட்டர் என்று இன்னொன்றிலும் இருக்கிறது. எதை எழுத வேண்டும்?
(ஒரு மாணவி, காரைக்குடி)

பதில்: இரண்டும் சரியானவையே, அழுத்தம்தான் வேறு. வெப்பநிலை இரண்டிலும் 0 டிகிரி செல்சியஸ். அழுத்தம் 1 வளிமண்டலம் என்றால் 22.4, 1 பார் என்றால் 22.7. வினாவில் எந்த அழுத்தம் குறிப்பிடப்பட்டிருக்கிறதோ அதற்குரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் கொடுக்கப்படவில்லை என்றால், உங்கள் பாடநூலில் உள்ள எண்ணையே எழுதி, எந்த நிபந்தனையில் எடுத்தீர்கள் என்பதை விடையின் முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள். அறை வெப்பநிலையான 25 டிகிரியில் இரண்டுமே பொருந்தா. 1 வளிமண்டல அழுத்தத்தில் அங்கே பருமன் ஏறக்குறைய 24.5 லிட்டர்.