ராசாவைவிட ஒன்பது பெரிசு

கேள்வி: மூன்று மாதமாக டோட்டா 2 ஆடுகிறேன், அணிக்கு ஐந்து பேராய் இணையத்தில் மோதும் கணினி விளையாட்டு. கேரி (காசு சேர்த்துப் பலமாகி அணியை வெல்லவைக்க வேண்டிய ஆள்) எடுத்தால் தோல்வி, தோற்றால் திட்டு. பத்து வருசமாய் ஆடுகிறவர்களுக்காகவே செய்த விளையாட்டா இது? புதிசாய் வாறவனுக்கு இலகுவாக்கித் தந்தால் என்ன குறைந்துவிடும்?
– வாசகர் ஒருவர், கொக்குவில்

பதில்: தம்பி, உம்முடைய கடிதம் இரண்டு பக்கம். ஒன்றே முக்கால் பக்கம் மற்றவர்களின் குற்றம். மிச்சத்தில் ஒரு வரி: ‘பள்ளிக்கூடக் கூட்டாளிகள் நாலு பேரோடு சேர்ந்துதான் ஆடுவன், அவங்கள் ஏ.எல். காலத்தில இருந்து ஆடுறவங்கள்.’ வருத்தம் அந்த வரியில்தான் இருக்கிறது.

இந்த மாதிரி விளையாட்டில் பலம் பார்த்து ஆளுக்கு ஆள் பொருத்திவிடும் கணக்கு, சதுரங்கத்தில் இருந்து வந்தது. ஆர்பாட் ஏலோ என்ற பௌதிகப் பேராசிரியர் வகுத்ததை உலகச் சதுரங்கச் சம்மேளனம் 1970இல் எடுத்துக்கொண்டது. ஆளின் பலத்துக்கு ஒரு தரப்புள்ளி. அதில் இருவருக்கும் இடையே 400 வித்தியாசம் என்றால், பதினொரு ஆட்டத்தில் பலமானவருக்குப் பத்து வெற்றிப் புள்ளி, மற்றவருக்கு ஒன்று, அதுதான் எதிர்பார்ப்பு. நீர் தனியே போனால் கணினி உம்மைப் போன்ற கத்துக்குட்டியைத் தேடிப் பிடிக்கும். கூட்டாளிகளோடு போனால் அவர்களின் பலத்தையும் சேர்த்துத்தான் எதிரியைக் கொண்டுவரும். டியூட்டரியில் ஒன்பதாம் ஆண்டுப் பொடியன் உயர்தர இணைந்த கணித வகுப்புக்குள் போய்க் குந்திவிட்டு, பாடம் கஷ்டம் என்று முறையிடுகிறான்.

இலகுவாக்கச் சொல்கிறீர். இலகுவாக்கியும் பார்த்திருக்கிறார்கள். 2023இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை விளையாட்டில் விசேட அடியை ஒரே பொத்தானில் அடிக்கலாம், விலையாக அந்த அடியின் பலத்தில் 20 சதவீதம் குறையும். விரலின் வேலை குறைந்தது. எப்போது அடிப்பது என்ற வேலை அப்படியே கிடக்கிறது.

நம்மூர்ச் சீட்டாட்டம் 304ஐ எடும். செத்தவீட்டில் விடியவிடிய ஆடுவார்களே, அதுதான். சீட்டுகளின் புள்ளி இது: வீரன் (ஜாக்) 30, ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, ராசா 3, ராணி 2. ஒரு வகைக்கு 76, நாலு வகைக்கு 304. ராசாவைவிட ஒன்பது பெரிசு என்றாலே புதியவனுக்குத் தலை சுற்றும். ஆனாலும் அதை மாற்றித் தரச்சொல்லி ஒருத்தரும் கேட்டதில்லை. பொடியன் முதலில் மாமாவுக்குப் பின்னால் குந்தியிருந்து கை பார்ப்பான். பிறகு ஒருநாள் ஆள் குறைய, இறங்குவான். திட்டு அங்கேயும் உண்டு: “வீரன் வெளியில நிக்க ஏன்ரா பத்தை இறக்கினனி?” கெட்ட வார்த்தையும் சேர்ந்து வரும், நான் இங்கே எழுதவில்லை. ஆனால் அந்தத் திட்டைக் கேட்டவன் அடுத்த கையில் பத்தை இறக்கமாட்டான். உமக்கு வருகிற ‘நூப்’பில், அதாவது ‘ஒன்றும் தெரியாதவன்’ என்ற திட்டில், என்ன விழுந்தது, எங்கே பிழைத்தது? ஒன்றுமில்லை. என் கோபம் விளையாட்டின் கஷ்டத்தில் இல்லை, இந்த வெறும் திட்டில்தான்.

ஒரு விசயத்தில் உம்மோடு நிற்கிறேன். பழம்பெருச்சாளிகள் புதுக் கணக்குத் திறந்து பழகுகிறவர்களை வேட்டையாடுவது, ‘ஸ்மர்ஃப்’ என்பது, அயோக்கியத்தனம். 2023 செப்டெம்பரில் டோட்டாவை நடத்தும் வால்வ் நிறுவனம் அப்படி 90,000 கணக்குகளை முடக்கியது. நல்லது. ஆனால் மூன்று மாதமும் உம்மை அடித்தவர்கள் எல்லோரும் அவர்கள்தான் என்று எழுதாதேயும்.

செய்ய வேண்டியது இது. கூட்டாளிகளை ஒரு மாதம் விடும், தனியே ஆடும். எதிரிப் பக்கத்தில் இருந்து கணினியே அனுப்பும் சின்னப் படைவீரர்கள்தான் க்ரீப். அந்த அலை 30 விநாடிக்கு ஒருதரம், அலைக்கு நாலு. பத்து நிமிடத்தில் உம்முடைய லேனுக்கு (நீர் நிற்கும் பாதைக்கு) வருவது 80க்குக் குறையாது. கடைசி அடி யாருடையதோ அவனுக்குத்தான் காசு. எல்லாம் உமக்குக் கிடைக்காது, எதிரியும் சும்மா நிற்கமாட்டான். தோற்ற ஆட்டத்தின் பதிவை இறக்கி, உம்மைக் கொன்றவனின் கண்ணால் ஒருதரம் பாரும். கூட்டாளியில் ஒருவனை வீட்டுக்குக் கூப்பிட்டு, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, கதிரைக்குப் பின்னால் இருத்தும். அவன் மாமா மாதிரித் திட்டட்டும்.

பத்தாவது நிமிடத்தில் 80இல் எத்தனை உமக்கு விழுந்தது? அடுத்த கடிதத்தில் அந்த எண்ணை மட்டும் எழுதும். இரண்டு பக்கம் வேண்டாம்.