நீர்மின் துறைக்குப் போக ஆசைப்படும் மகளை எதில் சேர்ப்பது?

வணக்கம் அம்மா,

உங்கள் மகள் நீர்மின் நிலையத்தில்தான் வேலை பார்ப்பேன் என்று பிடிவாதமாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள். சூரிய மின்சாரமும் காற்றாலையும் வந்த பிறகு அணைகளுக்கு எதிர்காலம் இருக்கிறதா, எந்தப் படிப்பில் சேர்ப்பது, ஊருக்கு வெளியே தொலைவில் போய் ஒரு பெண்ணால் இந்த வேலையைச் செய்ய முடியுமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். படிப்பைப் பற்றிய கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். சேர்க்கைக்கு நாள் நெருங்குகிறது, பிறகு மாற்றுவது கடினம்.

'நீர்மின் துறை' என்று தனியாக ஒரு வேலை கிடையாது. நீர்த்தேக்கத்தில் இருக்கும் தண்ணீர் மின்கம்பியில் மின்சாரமாகப் போய்ச் சேரும் வரை ஒரு நீண்ட பாதை இருக்கிறது. அந்தப் பாதையின் ஒவ்வொரு கட்டத்திலும் வேறு வேறு படிப்பு படித்தவர்கள் நிற்கிறார்கள். உங்கள் மகளின் மனம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. அதற்கு நீங்களும் அந்தப் பாதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கணக்கு எளிமையானதுதான். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறது என்ற இரண்டைப் பொறுத்தே மின்சாரம் அமைகிறது. வினாடிக்கு 10 கன மீட்டர் தண்ணீர் 100 மீட்டர் இறங்கினால் அதிலுள்ள திறன் சுமார் 9.8 மெகாவாட். நல்ல இயந்திரங்கள் அதில் ஏறக்குறைய 90 சதவீதத்தை மின்சாரமாக மாற்றிவிடும். நிலக்கரியை எரிக்கும் நிலையங்கள் எரிபொருளின் ஆற்றலில் பாதியைக்கூட மின்சாரமாக மாற்றத் திணறுகின்றன. இங்கே எரிபொருள் செலவும் இல்லை, புகையும் இல்லை. நன்றாகக் கட்டிப் பராமரித்தால் நிலையம் 50 ஆண்டுகளைத் தாண்டியும் ஓடும்.

முதல் கட்டம் ஆற்றுநீர். எந்திரம் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, தண்ணீர் வர வேண்டும். சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணையின் நிறுவுதிறன், அதாவது எல்லா எந்திரங்களும் முழுதாக ஓடினால் தரக்கூடிய அளவு, 22,500 மெகாவாட், உலகிலேயே பெரியது. பிரேசிலுக்கும் பராகுவேக்கும் பொதுவான இதாய்ப்பு அணை 14,000 மெகாவாட்தான். ஆனாலும் 2016-இல் இதாய்ப்பு 10,300 கோடி யூனிட் உற்பத்தி செய்து சீன அணையை முந்தியது. அது நிற்கும் பரானா ஆற்றில் ஆண்டு முழுவதும் ஓரளவு சீராகத் தண்ணீர் வருவது இதற்கு முக்கியக் காரணம். மழை எவ்வளவு பெய்யும், ஆற்றில் எவ்வளவு வரும், எப்போது திறப்பது, எவ்வளவு தேக்குவது என்று கணக்கிடுபவர்கள் நீரியல் வல்லுநர்கள். பருவநிலை மாறிவரும் காலத்தில் இவர்களுடைய தேவை கூடிக்கொண்டே போகிறது. கணிதமும் புள்ளியியலும் பிடித்த பெண்ணாக இருந்தால் இந்தக் கட்டத்தை அவளுக்கு அவசியம் அறிமுகப்படுத்துங்கள். பலருக்கு இப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது.

அடுத்தது அணை, சுரங்கம், பென்ஸ்டாக் எனப்படும் பெரிய இரும்புக் குழாய். இது சிவில் பொறியாளர்களும் நிலவியலாளர்களும் நிற்கும் இடம். கீழே வால்வைத் திடீரென்று மூடினால், ஓடிவந்த தண்ணீரின் வேகம் அழுத்த அலையாக மாறிக் குழாயையே கிழித்துவிடக்கூடும். அந்த அழுத்தத்தைத் தாங்கிக்கொள்ளத் தனியாகத் தொட்டி கட்டுவார்கள். கட்டுமானம் பிடிக்கும், வெயிலும் மழையும் பொருட்டில்லை என்றால் சிவில் எடுக்கலாம்.

அப்புறம் தண்ணீரின் விசையில் சுழலும் சக்கரமான டர்பைன். உயரத்தையும் நீரளவையும் பார்த்து அதன் வகையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பல நூறு மீட்டர் உயரமும் குறைந்த தண்ணீரும் இருந்தால் பெல்டன்; நடுத்தர உயரத்துக்குப் பிரான்சிஸ்; உயரம் குறைவு, தண்ணீர் அதிகம் என்றால் இறக்கைகளின் கோணத்தை மாற்றிக்கொள்ளும் கப்லான். இந்த மூன்றும் நூறு ஆண்டுகளுக்கு முன்பே உருவாகிவிட்டவை. அதனால் இனிப் புதிதாகச் செய்ய ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தண்ணீரில் வரும் மணல் இறக்கைகளைத் தேய்க்கிறது. அழுத்தம் குறையும் இடங்களில் உருவாகும் நீராவிக் குமிழிகள், அழுத்தம் கூடும் இடத்தில் சட்டென்று உள்நோக்கி நொறுங்கி எஃகில் குழி பறிக்கின்றன. ரஷ்யாவின் சயானோ-சுசென்ஸ்கயா நிலையத்தில் 2009 ஆகஸ்ட் 17 அன்று, அதிர்வால் களைத்துப்போன போல்ட்டுகள் அறுந்து ஒரு டர்பைனின் மேல்மூடி தூக்கி எறியப்பட்டது. இயந்திரக் கூடம் வெள்ளத்தில் மூழ்கி 75 பேர் இறந்தார்கள். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அதிர்வு அளவை ஒருவர் பார்த்து, இந்த எந்திரத்தை நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டிய வேலை இது. அந்தப் பொறுப்பை ஏற்கும் மெக்கானிக்கல் பொறியாளர்கள் எந்த நிலையத்துக்கும் தேவை. தொழிற்பயிற்சி முடித்த ஃபிட்டர்களும் வெல்டர்களும் இங்கே மதிப்போடு இருக்கிறார்கள். பட்டப்படிப்பு ஒன்றே வழி என்று நினைக்காதீர்கள்.

டர்பைனோடு ஒரே தண்டில் ஜெனரேட்டர் சுழலும். நீர்மின் எந்திரங்கள் மெதுவாகச் சுற்றுபவை. நிமிடத்துக்கு 125 சுற்றில் 50 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 50 அலைகள்) மின்சாரம் வேண்டுமென்றால், ஜெனரேட்டரின் சுழலும் பாகமான ரோட்டாரில் 48 காந்த முனைகள் வேண்டும். அதனால்தான் அவை அவ்வளவு அகலமாக இருக்கின்றன. இதாய்ப்பில் பாதி எந்திரங்கள் பராகுவேக்காக 50 ஹெர்ட்ஸிலும் மீதி பிரேசிலுக்காக 60 ஹெர்ட்ஸிலும் ஓடுகின்றன. பராகுவே பயன்படுத்தாத 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை ஒரே திசையில் ஓடும் நேர்மின்சாரமாக (டி.சி.) மாற்றித்தான் பிரேசிலின் பெருநகரங்கள் பக்கம் அனுப்புகிறார்கள். இதைப் படித்ததும் எப்படி மாற்றுகிறார்கள் என்று உங்கள் மகள் கேட்டால், அவள் எலக்ட்ரிக்கல் பக்கம் சாய்கிறாள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

சரி, எதிர்காலம். உலக மின்சாரத்தில் ஏழில் ஒரு பங்கு இன்னும் தண்ணீரிலிருந்து வருகிறது. சூரிய மின்சாரம் வளர்வதை இதற்குப் போட்டியாகப் பார்க்கிறீர்கள். எனக்கு அது நேர்மாறாகத் தெரிகிறது. வெயில் மறைந்ததும் அந்த மின்சாரம் நின்றுவிடும், ஆனால் விளக்குகள் எரிவது அப்போதுதான். உடனே எழுந்து ஈடுகட்ட ஒன்று வேண்டும். நீர்மின் எந்திரத்தைச் சில நிமிடங்களில் இயக்கி, கிரிட் எனப்படும் மின்கம்பி வலையமைப்பில் இணைத்துவிடலாம். கிரிட் முழுவதும் இருண்டுபோனால் மறுபடி உயிர்ப்பிக்கவும் பெரும்பாலும் நீர்மின் நிலையத்தைத்தான் முதலில் எழுப்புவார்கள். மிஞ்சும் மின்சாரத்தைக் கொண்டு கீழ்த் தேக்கத்திலிருந்து மேல் தேக்கத்துக்குத் தண்ணீரை ஏற்றி, தேவைப்படும்போது இறக்கும் நீரேற்று நிலையங்கள் இப்போது பல நாடுகளில் எழுகின்றன. ஏற்றச் செலவிட்டதில் முக்கால் பங்கைத் திரும்பப் பெறலாம். பிரிட்டனில் 1984-இல் திறந்த டினோர்விக் நிலையம் இப்படிப்பட்டதுதான். பழைய நிலையங்களைப் புதுப்பிக்கும் வேலையும் நிறைய இருக்கிறது. ஆனால் மென்பொருள் துறை அளவுக்கு வேலைகளின் எண்ணிக்கை இருக்காது. இதை அவளிடம் மறைக்காதீர்கள்.

இன்னொன்றையும் அவளிடம் பேசுங்கள். மூன்று பள்ளத்தாக்கு அணைக்காகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு மாற வேண்டியிருந்தது. வெப்பமண்டலத் தேக்கங்களில் மூழ்கிய தாவரங்கள் அழுகி, பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவை வெளியிடுகின்றன. மீன்களின் வழி அடைபடுகிறது. புகை இல்லாத மின்சாரம் என்று சொல்லி இதையெல்லாம் தள்ளிவிட முடியாது. மீன்பாதை அமைப்பவர்கள், சுற்றுச்சூழல் மதிப்பீடு செய்பவர்கள், இடம்பெயர்ந்த மக்களோடு பேசுபவர்கள் எல்லோரும் இதே துறையில்தான் இருக்கிறார்கள். இந்தக் கேள்விகள் அவளைத் தொந்தரவு செய்தால் அதுவும் ஒரு நல்ல அறிகுறி, அந்தப் பக்கமும் படிப்பு உண்டு.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். நிலையங்கள் ஊரை விட்டுத் தள்ளி இருக்கும், ஷிப்ட் உண்டு, குடியிருப்பும் மருத்துவமும் இடத்துக்கு இடம் மாறும். இவை ஆணுக்கும் உள்ள சிரமங்கள்தான். வேலை ஒப்புக்கொள்ளும் முன் இரவுப் பணிக்கான போக்குவரத்து, தங்குமிடம், ஏற்கெனவே அங்கே பெண்கள் பணியில் இருக்கிறார்களா என்று நேரடியாகக் கேட்கச் சொல்லுங்கள். வடிவமைப்பு அலுவலகம், கிரிட் கட்டுப்பாட்டு மையம், ஆய்வுக்கூடம் என்று நகரத்திலேயே இருக்கும் பணிகளும் உண்டு. முதல் சில ஆண்டுகள் நிலையத்தில் இருந்துவிட்டுப் பிறகு அங்கே போனால் அவளுடைய சொல்லுக்கு எடை கூடும்.

பட்டப்படிப்பில் சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் மூன்றில் ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். பெயரிலேயே 'நீர்மின்' இருக்கும் குறுகிய படிப்பை இளங்கலையில் தவிர்ப்பது நல்லது. சிறப்புப் பாடமாக முதுகலையில் எடுத்துக்கொள்ளலாம், மனம் மாறினாலும் வழி அடைபடாது. முடிவெடுக்கும் முன் அனுமதி வாங்கி ஒரு நிலையத்துக்கு அவளை அழைத்துப் போங்கள். பராமரிப்புக்காக டர்பைனைத் திறந்து வைத்திருக்கும் நேரம் கிடைத்தால் இன்னும் நல்லது. திரும்பி வந்து அவள் எதைப் பற்றி அதிகம் பேசுகிறாள் என்று எனக்கு எழுதுங்கள், சேர்க்கைக்கான விருப்பப் பட்டியலை நாம் சேர்ந்து தயாரிப்போம்.