அமெரிக்காவில் பின்தங்கிய பள்ளி மாவட்டங்களுக்கு (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புகளுக்கு) அரசு என்ன நிபந்தனை போடுகிறது? பலன் உண்டா?

2002-ல் கையெழுத்தான 'நோ சைல்டு லெஃப்ட் பிஹைண்ட்' சட்டம், 2014-க்குள் எல்லாப் பிள்ளைகளும் வாசிப்பிலும் கணக்கிலும் தேறியாக வேண்டும் என்றது. நடக்கிற காரியமா? சில மாநிலங்கள் தேர்ச்சி வரம்பையே இறக்கிக்கொண்டன. 2015-ல் வந்த மாற்றுச் சட்டம் பரவாயில்லை: மத்திய நிதி வாங்கும் பள்ளிகளில் கடைசி 5 சதவீதத்தை மாநிலம் அடையாளம் காட்டும், சரிசெய்யும் திட்டத்தை மாவட்டம் எழுத வேண்டும்.

அதிலும் தேறாவிட்டால்? சில மாநிலங்களில், மாநில அரசே மாவட்டத்தைக் கையிலெடுக்கலாம். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில், இந்த மாற்றுச் சட்டத்துக்கு முன்பே, 2011 இறுதியில் அப்படித்தான் நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிக் குழுவின் அதிகாரம் மொத்தமும் மாநிலம் நியமித்த ஒரே ஆளிடம் போனது. அவர் தலைமை அலுவலகச் செலவை வெட்டி, பணத்தையும் முடிவெடுக்கும் உரிமையையும் பள்ளிகளுக்குத் திருப்பிவிட்டு, விடுமுறை வாரங்களில் பின்தங்கிய பிள்ளைகளைச் சிறு குழுக்களாக்கி, பொறுக்கியெடுத்த ஆசிரியர்களைக் கொண்டு நாள் முழுக்கப் பாடம் நடத்த வைத்தார். கணக்கு மதிப்பெண் நன்றாகவே ஏறியது, ஆங்கிலம் கொஞ்சம்தான்.

ஆனால் நாடு முழுக்க இப்படிக் கையிலெடுத்த மாவட்டங்களைச் சராசரியாகப் பார்த்தால் மதிப்பெண்ணில் முன்னேற்றம் இல்லை. அதனால் நிபந்தனை எழுதுகிறவர்கள் 'யார் நிர்வகிப்பது' என்பதோடு நிறுத்தாமல், அந்த விடுமுறை வகுப்பு மாதிரி, பிள்ளைக்கு நேரே போய்ச் சேரும் கூடுதல் பாட நேரத்தையும் கட்டாயமாக்க வேண்டும் என்பேன்.