குரல் யாருடையது?

கேள்வி: சென்ற இதழில் டப்பிங் பேசிய எஸ்.என்.சுரேந்தரை நடிகர் மோகனுக்குச் சமமாக எழுதியிருந்தீர்கள். முகம் காட்டி நடித்தவரும் இருட்டறையில் வசனம் படித்தவரும் ஒன்றா? கொஞ்சம் ஓவராகத் தெரியவில்லை?
(ஒரு வாசகர், கரூர்)

பதில்: ‘வசனம் படித்தவர்’ என்கிறீர்களே, அங்கேயே எனக்குச் சண்டை. படிப்பதற்கு அது என்ன செய்தி அறிக்கையா? மோகன் நடித்து முடித்துவிட்ட காட்சி திரையில் ஓடும். அவர் ப, ம என்று உதட்டை மூடும் இடத்தில் இவரும் மூடியாக வேண்டும். அவர் மூச்சு விட்ட இடத்தில்தான் இவரும் விடலாம். கையை ஆட்டி, கண்ணை உருட்டிச் சமாளிக்க வழியில்லை. எல்லாம் தொண்டையில் வந்தாக வேண்டும். அப்படி நின்று பேசியதுதான் ‘மௌன ராகம்’ (1986). மனைவி எத்தனை குத்தினாலும் குரல் உயராத அந்தக் கணவனை, சுரேந்தரின் குரலை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

அதற்காக மோகன் சும்மா நின்றார் என்று நான் சொல்லவில்லை. பாட்டுக்கு வாயசைப்பதும் ஒரு வித்தை. அதில் அவர் கெட்டிக்காரர். ‘பயணங்கள் முடிவதில்லை’யில் (1982) பாடுவது எஸ்.பி.பி. என்று தெரிந்துகொண்டே மோகன் பாடுவதாக நம்பினோமே! ‘மைக் மோகன்’ என்று பட்டம் வேறு கொடுத்தோம். அந்த மைக்கில் பாடியவர் ஒருவர், பேசியவர் இன்னொருவர்.

அப்புறம், பெயர் தெரியாதவர் என்றால் திறமையிலும் ஒரு படி கீழே என்று நீங்களாக முடிவு கட்டிவிடுகிறீர்கள். ‘காதலன்’ (1994) படத்தில் பிரபுதேவாவுக்கும், ‘காதல் தேசம்’ (1996) படத்தில் அப்பாஸுக்கும் பேசியவர் விக்ரம். அப்போது அவரும் உங்கள் கணக்கில் ‘வசனம் படித்தவர்’தான். 1999-ல் ‘சேது’ வந்தது. தொண்டை அதேதான், போஸ்டர்தான் மாறியது. ‘பம்பாய்’ படத்தில் மனிஷா கொய்ராலாவுக்குப் பேசிய ரோகிணியும் நல்ல நடிகைதான்.

சரி, சுரேந்தராவது பரவாயில்லை. ‘ஊமை விழிகள்’ படத்தின் ‘மாமரத்துப் பூவெடுத்து’ பாட்டைப் பாடியவர் என்று நாலு பேருக்குத் தெரியும். துர்காவின் கதையைக் கேளுங்கள். 1993-ல் மலையாளத்தில் ‘மணிச்சித்திரத்தாழ்’ வந்தது. ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது; தகுதியான விருதுதான். கதாநாயகி கங்காவாக அவர் மலையாளம் பேசும் இடங்களுக்குக் குரல் பாக்யலட்சுமி. கதையில் வரும் தமிழ் நடனக்காரி நாகவல்லியாகவே மாறித் தமிழில் சீறுகிறாரே, அது தமிழ் டப்பிங் கலைஞர் துர்கா. டைட்டிலில் பாக்யலட்சுமியின் பெயர் மட்டும்தான் வந்தது. இயக்குநர் பாசில் 2016-ல் எழுதித் தெளிவுபடுத்தும் வரை இரண்டு குரலும் ஒருவருடையது என்றே ஊர் நம்பிக்கொண்டிருந்தது. 23 வருடம்! பாக்யலட்சுமி பெரிய கலைஞர், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவ்வளவு நல்ல தமிழ் யார் வாயிலிருந்து வருகிறது என்று, அந்தப் படத்தைப் பார்த்துப் பயந்த தமிழர்களான நமக்கே கேட்கத் தோன்றவில்லை, பாருங்கள்.