நிலக்கடலை அலர்ஜி உள்ள குழந்தைக்குத் தட்டுவடை செட் கொடுக்கலாமா?

மூன்று வயது மகளுக்கு அலர்ஜி, சேலத்தில் தட்டுவடை செட் (இரண்டு தட்டைக்கு நடுவே சட்னியும் துருவிய காய்கறியும் வைத்தது) கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடையில் வேண்டாம். தட்டையில் கடலை இல்லாவிட்டாலும், அதே கடையில் தட்டையை நொறுக்கிக் கலந்து தரும் நொறுக்கலுக்குக் கடலை அள்ளிய கையேதான் பெரும்பாலும் உங்கள் செட்டுக்கும் சட்னி தடவும். வீட்டில் தட்டை சுட்டு, பீட்ரூட், கேரட் துருவி அடுக்கிக் கொடுங்கள், பிள்ளை ஏங்காது. செக்குக் கடலை எண்ணெயும் ஆகாது, அதில் கடலையின் புரதம் தங்கியிருக்கும்.

அப்புறம், ஏற்காடு போவதற்கு முன் டாக்டரிடம் அட்ரினலின் ஊசி பற்றிக் கேட்டு வையுங்கள். ஏதாவது ஆனால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் சேலம் வர வேண்டும். மூச்சு இழுத்தால் அட்ரினலின்தான் முதல் மருந்து. செட்ரிசின் சிரப் அரிப்பைத்தான் அடக்கும். ஊசியில் தெளிந்துவிட்டாலும் 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். சில மணி நேரம் கழித்து அலர்ஜி மறுபடி கிளம்பலாம்.